மூன்றாவது விசிறியின் சத்தம்

வலம்புரி நிலையம். மேல்தள நாட்குறிப்பு.
சுற்று 58, மணி 07:20

காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. சோறு குழைந்துவிட்டது.

எழுதுவது இஞ்ஞாசி, வயது பதினாறு, மேல்தளப் பொறுப்பாளர். சிரிக்க வேண்டாம். பதவி உண்மை, சம்பளம்தான் கற்பனை. இந்தக் குறிப்பைப் பின்னாளில் யாராவது எடுத்துப் படிக்கக்கூடும், ஆகவே தெளிவாக எழுத வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. முன்பின் தெரியாத ஐயாவுக்கோ அம்மாவுக்கோ வணக்கம். நீங்கள் நிற்கும் இடம் சனியின் நிலாவான என்செலடஸ், தென்முனை. ஊரில் சனி எல்லோரையும் தேடிவந்து பிடிக்கும். ராக்கெட் ஏறி வந்து சனியைப் பிடித்த குடும்பம் எங்களுடையது.

இந்த நிலா சனியை ஒருமுறை சுற்றி வருவது எங்களுக்கு ஒரு சுற்று. முப்பத்து மூன்று மணி நேரம். இருபத்தொன்பது மணிக்குச் சாப்பிடுகிற ஆளை நீங்கள் பார்த்ததில்லை என்றால் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் தரையிலுள்ள பனிப்பிளவுகள் ஒருமுறை விரியும், ஒருமுறை மூடும். பனிக்குக் கீழே கடல். அந்தக் கடலின் கூரையை, அதாவது பனியின் அடிவயிற்றை, கொக்கிகளால் பற்றிக்கொண்டு வௌவால் மாதிரி தொங்குகிறது ஓர் ஆள் மட்டும் உட்காரும் கூண்டு. உள்ளே தொம்மை அத்தான், என் அக்கா அமலியின் கணவர். கடலில் உயிர் ஏதும் அசைகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது அவர் வேலை. இதுவரை கேட்டது அவர் வயிற்றின் இரைச்சலை மட்டும்.

நிலையத்திலிருந்து கூண்டு வரை பனியைத் துளைத்து ஓர் இரும்புக் குழாய் இறங்குகிறது. குழாய்க்குள் கம்பி. மின்சாரமும் பேச்சும் அதில்தான் போகும். குழாயின் மேல்முனையில், நான் உட்கார்ந்திருக்கும் இந்தக் குளிர் அறையில், கணினி. அதற்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு. கடலோசையைச் சலித்துத் தருவது அதன் உத்தியோகம். என் விளையாட்டுகளை ஓட்டுவது அதன் பொழுதுபோக்கு. அதில் மூன்று விசிறிகள் உண்டு. மூன்றாவதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கணினியை நேராக அந்த இரும்புக் குழாயிலேயே முடுக்கிவைத்த புண்ணியவான், சின்ன வயதில் தீப்பெட்டியும் நூலும் வைத்து டெலிபோன் செய்து விளையாடாதவராக இருக்க வேண்டும்.

கம்பி வழி, தொம்மை அத்தான்:

"ஏல மச்சினா, ஒன் ஃபேன் சத்தம் குழா வழியா எறங்கி இங்ஙன வரைக்கும் வருதுல. நான் கடலக் கேக்கணுமா, ஒன் மாவு மில்லக் கேக்கணுமா?"

விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு மெட்டு வாசித்தேன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ங்ங், ங்ங், ங்ங்ங்ஙொய். ஊரில் ஐஸ் வண்டிக்காரர் அடிக்கிற ஹாரன் அது.

"சேமியா ஐஸ் ஒண்ணு. காச ஒங்க அக்காட்ட வாங்கிக்க. லேய், வெளையாட்டு போதும். அவ பிள்ளையத் தூக்கிட்டு இங்க வாரதுக்குள்ள இந்தச் சத்தத்தக் கொறச்சு வையி. பிள்ள மெரளும்."

உத்தரவு பதிவு செய்யப்பட்டது. விசிறிச் சத்தத்தைக் குறைக்கவும்.

சுற்று 58, மணி 19:05

பதினாறு வயதுப் பையன் இங்கே என்ன செய்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். அக்காதான் இங்கே பொறுப்பாளர். பிள்ளைப்பேறுக்காக அவளைத் தலைமை முகாமுக்கு அனுப்பியபோது, பயிற்சி பெற்ற ஆளைத் தருகிறோம் என்று முகாம் சொன்னது. அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். நாங்கள் முத்துக் குளித்த வம்சம். முக்குளிக்கிறவனின் கயிற்றை மேலே பிடிக்க வேண்டியவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான். கூலிக்காரன் தூங்கிவிடுவான், பங்காளி விட்டுவிடுவான், மச்சினன் விட மாட்டான். விட்டால் தாலியறுவது அவன் அக்காவுக்கு. இதுதான் கணக்கு. அக்காவும் சரி என்றாள். ஆக, ஊரெல்லாம் கயிறு திரித்துக்கொண்டு திரிந்தவனைக் கயிறு பிடிக்க உட்கார்த்திவிட்டார்கள்.

இனி வேலை. கார்டைக் கழற்றினேன். விசிறிகளுக்குள் தூசி, முடி, எங்கிருந்தோ இட்லிப்பொடி. இங்கே எடை என்பது பேருக்குத்தான், பொடி தட்டில் உட்காராமல் ஊர் சுற்றும். தூரிகையால் துடைத்தேன். மூன்றாவது விசிறியின் அச்சுக்கு எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டேன். உறைநிலையை ஒட்டிய அறையில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்பதைக் கார்த்திகை மாதம் குளித்த எவரும் சொல்வார்கள். சுரண்டி எடுத்துவிட்டு நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. சனிக்கு நல்லெண்ணெய்தான் ஏற்றது என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்வது சரி போலிருக்கிறது. இரைச்சல் முனகலாக இறங்கியது.

கம்பி வழி, தொம்மை அத்தான்:

"கொறஞ்சிருக்குல. கெட்டிக்காரந்தான். ஆனா ஒண்ணு, கேட்டா எரிச்சலா வருது, கேக்கலன்னா என்னமோ போல இருக்கு."

நான்: "அத்தான், என் ஃபேனுக்கு நீங்க விசிறி ஆயிட்டீங்க."

"வைல ஃபோன."

சுற்று 59, மணி 11:40

பனி நகர்ந்தது.

மூடும் நேரம் இல்லை. ஆனாலும் மூடியது. நிலையம் முழுவதும் ஒருமுறை பக்கவாட்டில் தள்ளி நின்றது. குழாய் வளைந்திருக்கிறது, உடையவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. கூண்டுக்குப் போகும் மின்சாரம் பூச்சியம். பேச்சு இல்லை.

விதி இதுதான். கம்பி அறுந்தால் காத்திரு. கூண்டில் தனி மின்கலமும் காற்றும் இருக்கின்றன. மேல்தளம் உயிரோடு இருக்கும்வரை கீழே உள்ளவர் இடத்தை விட்டு அசையக் கூடாது, ஏனென்றால் மீட்புக் குழு துளையிட்டு வரப்போவது அந்த இடத்துக்குத்தான். மேல்தளமே செத்துப்போனால் மட்டும் கொக்கியைக் கழற்றிவிட்டு அடுத்த பிளவைத் தேடி நகரலாம். எங்கள் ஊரில் இதை எழுதி வைக்கவில்லை. கயிற்றில் ஆள் இருக்கும்வரை குளியாளி இடம் மாற மாட்டான், அவ்வளவுதான்.

வானொலி, தலைமை முகாம், அமலி அக்கா (வயிற்றைத் தள்ளிக்கொண்டு வானொலியில் அவளே உட்கார்ந்திருக்கிறாள், வேறு யாரையும் உட்கார விடவில்லை):

"இஞ்ஞாசி, நீ நல்லாருக்கியா? அடி கிடி பட்டுச்சா? சரி. அழாத. அழலன்னா சரி. கேளு. பிளவுலருந்து பனி பீச்சியடிக்கி, கப்பல் எறங்க முடியாதாம். அறுபத்து மூணாவது சுத்துலதான் அடங்குமாம். அவருக்குக் காத்து அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியணும். தாங்காதுன்னா உயிரக் குடுத்தாவது இப்பவே எறங்கணும்னு மீட்புக் குழுக்காரங்க சொல்லுதாங்க. அஞ்சு பேரு வாராங்கல, அஞ்சு பேருக்கும் வீடு இருக்கு. எனக்கு அந்த ஒரு கணக்கு வேணும். நீ எப்படியாவது கேட்டுச் சொல்லு."

சுற்று 59, மணி 22:15

நிலையத்துக்குக் காது உண்டு, வாய் கிடையாது. குழாயின் மேல்முனையில் ஓர் ஒலிவாங்கி ஒட்டியிருக்கிறது. குழாயை அதிரவைத்துப் பேசுகிற கருவி கீழே கூண்டில்தான் இருக்கிறது. அதாவது அத்தான் பேசினால் எனக்குக் கேட்க வாய்ப்பு உண்டு. நான் பேச வழியில்லை.

சுத்தியலால் குழாயை அடித்தேன். கை மரத்துப்போகும்வரை அடித்தேன். ஆனால் பனி ஓயாமல் வெடிக்கிறது. டக், டடக், டக். ஒலிவாங்கியில் கேட்டால் ஆயிரம் பேர் சுத்தியலோடு நிற்பது மாதிரி இருக்கிறது. அதில் என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை.

கார்டை முழு மூச்சில் ஓடவிட்டேன். வெடிப்புகளை ஒதுக்கிவிட்டு மனிதக் குரலை மட்டும் சலித்தெடுக்கச் சொன்னேன். சலித்தது. சலித்துக் கிடைத்தது விசிறிச் சத்தம். கார்டு உழைத்தால் சூடாகும், சூடானால் விசிறி சுற்றும், சுற்றினால் குழாய் அதிரும், அதிர்ந்தால் ஒலிவாங்கி கேட்கும். விசிறியின் முனகலும் ஆண்பிள்ளையின் அடிக்குரலும் ஒரே சுருதி. அத்தானின் குரல் அதற்கடியில் எங்கேயோ இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை அழுவது மாதிரி. இருக்கிறது என்று தெரிகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

சுற்று 60, மணி 14:30

செய்தவை.

கார்டுக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தேன். கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், நிறையச் சூடு குறையும். விசிறிகளின் வேகத்தைப் பாதியாக்கினேன்.

கணினிச் சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் வைக்க வேண்டும். ரப்பர் எங்கே? குக்கர் கேஸ்கெட். நான்காக வெட்டி, நான்கு திருகாணிகளுக்கும் அடியில் வைத்து முடுக்கினேன். இனி சோறு வேகாது. பரவாயில்லை, வெந்தபோதும் யாரும் பாராட்டவில்லை.

முனகல் மூச்சாக இறங்கியது. 13:50க்கு முதல் சொல் கிடைத்தது.

குழாய் வழி, தொம்மை அத்தான் (தேறியது மட்டும்):

"...மச்சினா... இங்ஙனதான்... கொக்கி பிடிச்சிருக்கு... காத்து... வரைக்கும்..."

எண் மட்டும் விசிறிக்குள் போய்விட்டது. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இல்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிறார். அக்காவிடம் சொன்னேன்.

வானொலி, அமலி அக்கா:

"குரலு எப்டி இருந்துச்சு? இருமினாரா? கோவமா இருந்தாரா? கோவமா இருந்தா நல்லாருக்காருன்னு அர்த்தம்."

நான்: "கோவமாத்தான் இருந்துச்சு."

கயிறு திரித்தேன். இந்த ஒன்றுக்கு என்னை மன்னிக்கலாம்.

சுற்று 61, மணி 09:10

இரண்டு விசிறிகளை நிறுத்திவிட்டேன். ஒன்று மட்டும் ஓடுகிறது. நிறுத்த முடிந்தது நல்ல இரண்டை. தொண்டை கட்டிய மூன்றாவதுதான் கார்டின் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது, அதை விட்டால் எரிந்துவிடும். பூமியில் என்றால் சூடான காற்று தானே மேலே போகும், குளிர்ந்தது தானே உள்ளே வரும். இங்கே எடை இல்லாததால் சூடான காற்றுக்கு எது மேல் என்றே தெரியாது. பிறந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். என்னைப் போல.

சொற்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் பேசுகிறார். தான் இருக்கும் இடம், கொக்கி, காற்று. அப்புறம் அக்காவிடம் பேசுகிறார். அதை எழுத மாட்டேன். காற்றுக் கணக்கு வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், மனிதர். காசு எண்ணுகிற பழக்கம்.

வானொலி, அமலி அக்கா:

"கெடச்சுதா?"

நான்: "இன்னும் இல்லக்கா."

"இவங்க கெளம்பித் தயாரா நிக்காங்க. எறங்கட்டுமா வேண்டாமான்னு என்னப் பாக்காங்க. நான் யாரு முகத்தப் பாத்துச் சொல்ல? சீக்கிரம்ல, தம்பி."

சுற்று 61, மணி 30:40

யோசனை வந்துவிட்டது. இத்தனை நேரம் வராததுதான் வெட்கம். வெளியே கதவைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஐஸ்.

பாலிதீன் பைகளில் பனியை அள்ளி வந்தேன். கார்டின் உலோகத் தகடுகள்மேல் அடுக்கிக் கட்டினேன். வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு ஐஸ் வைத்திருக்கிறேன், வாத்தியார், அக்கா, முகாம் தலைவர். கார்டுக்கு வைப்பது இதுதான் முதல்முறை. மற்றவர்களைவிட நன்றாகவே குளிர்ந்தது.

மூன்றாவது விசிறியை நிறுத்திவிட்டேன்.

நான் இங்கே வந்ததிலிருந்து இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. என் இமை மூடும் சத்தம் கேட்கிறது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சுற்று 62, மணி 02:05

தெளிவாகக் கேட்கிறது. மூச்சு விடுவது கேட்கிறது. சட்டை உரசுவது கேட்கிறது.

குழாய் வழி, தொம்மை அத்தான்:

"...இஞ்ஞாசி. காத்து அறுபத்தஞ்சாவது சுத்து முடியிற வரைக்கும் வரும். அவசரமில்ல. யாரும் பிளவுக்குள்ள வந்து விழ வேண்டாம்னு சொல்லு. நான் கால நீட்டி உக்காந்திருக்கேன்."

அறுபத்தைந்து! கப்பல் வருவது அறுபத்து மூன்று. தாங்கும். அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

02:20

"ஏல."

"ஏல மச்சினா. என்னல, சத்தத்தக் காணோம்?"

02:22

அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்று சுற்றாக. நான் குறைக்கக் குறைக்க அவர் காதைக் குழாய்ப் பக்கம் ஒட்டி ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பனி வெடிக்கும், தட்டும், உடையும், எல்லாச் சத்தமும் போடும். ஒரே சீராக முனகுவது பனிக்குத் தெரியாது. முனகினால் மேலே மின்சாரம் இருக்கிறது. மின்சாரம் இருந்தால் நான் இருக்கிறேன்.

விசிறியைப் போடப் போகிறேன்.

02:31

சுற்றவில்லை. பை ஒன்று ஓட்டை. உருகிய தண்ணீர் விசிறியின் அச்சில் இறங்கி, குழாயின் குளிரில் மறுபடி உறைந்திருக்கிறது. மூன்றுமே. கல் மாதிரி இருக்கிறது. இழுத்தால் இதழ் உடையும். வாயால் ஊதுகிறேன்.

"ஒருவேள ஃபேனு கெட்டுப்போச்சோ? மூணாவது அப்பவே இழுத்துக்கிட்டு கெடந்துச்சு. மத்த ரெண்டு இருக்கணுமே. மூணும் ஒண்ணாவா போகும்?"

போகும் அத்தான். மூணும் ஒண்ணாப் போகும். என்ன மாதிரி ஒருத்தன் இருந்தாப் போகும்.

02:44

சுத்தியல். இரண்டு குட்டை ஒரு நெட்டை. சுத்தியலில் நெட்டை எப்படி அடிப்பது.

"பனி ரொம்ப வெடிக்கி. நெலயத்த நெரிச்சிருச்சோ என்னமோ. மாதாவே. அந்தப் பயல..."

"இல்ல. ஒரு மணி நேரம் பாக்கேன்."

03:10

குழாயில் வாயை வைத்து நானே முனகினேன். ங்ங்ங்ங் என்று. மூச்சு முட்டும்வரை. உதடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தேன். தோல் அங்கேயே இருக்கிறது. நீங்கள் பார்த்தால் அது என்ன என்று யோசிக்க வேண்டாம்.

விசிறியை அக்குளில் வைத்திருக்கிறேன். உருகட்டும். ஒரு கையால்தான் எழுதுகிறேன்.

03:29

"அமலி, கேட்டுக்க. பய கயித்த விட மாட்டான். விட்டான்னா அவன் இல்லன்னு அர்த்தம். அவன வையாத. ஒண்ணுஞ் சொல்லாத. நல்லாத்தான் பிடிச்சான்."

"மேல யாரும் இல்ல. இங்ஙன தொங்கிப் பிரயோசனம் இல்ல. அடுத்த பிளவுக்குப் போயிப் பாக்கேன். கெழக்க. பிள்ளைக்கு..."

பிறகு அவர் சொன்னதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். இங்கே வேண்டாம்.

03:33

கொக்கி கழன்றது. ஒன்று. இரண்டு. நான்கும்.

03:35

கூண்டின் உந்துவிசிறி. போகிறது. அது நல்ல விசிறி, சத்தமே இல்லை.

03:52

மூன்றாவது உருகிவிட்டது. சுற்றுகிறது. சுற்றுகிறது. ரப்பரையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டேன். சட்டத்தை நேராகக் குழாயில் முடுக்கினேன். எண்ணெயைத் துடைத்துவிட்டேன். முழு வேகம். கத்து. கத்து. கத்து.

சுற்று 63, மணி 17:00

மீட்புக் குழு வந்தது. துளையிட்டார்கள். சரியான இடத்துக்கு, ஒரு சாண் பிசகாமல் இறங்கினார்கள். கேமராவில் நானும் பார்த்தேன். பனியின் அடிவயிற்றில் நான்கு கொக்கித் தழும்புகள், புதுசாக.

அத்தான் போன திசையில் அடுத்த பிளவு அவருடைய மின்கலம் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று குழுத்தலைவர் சொன்னார். பாதி வழியில் அவருக்கே தெரிந்திருக்கும், திரும்பத்தான் பார்ப்பார் என்றும் சொன்னார். இருட்டில், பனிக்கூரையின் அடியில், எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர் சொல்லவில்லை.

துளை வழியாக ஒலிபெருக்கியை இறக்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மூடும் நேரம் வந்ததும் பனி அந்தத் துளையையும் அடைத்துக்கொண்டது. இனிக் கடலுக்குள் நீட்டியிருப்பது பழைய குழாய் ஒன்றுதான்.

வானொலி, அமலி அக்கா:

"நீ கயித்த விட்டியாடா?"

நான்: "விடலக்கா. அவரு பேசுறத நல்லாக் கேக்கணும்னு கொஞ்சம் தளத்துனேன்."

அக்கா:

"நானுந்தான் கேட்டுச் சொல்லு, கேட்டுச் சொல்லுன்னு ஒன் உயிர வாங்குனேன்... இப்ப ஃபேனு ஓடுதா?"

நான்: "ஓடுதுக்கா."

"மைக்க அதுகிட்ட வையி."

வைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். குழுவினர் வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

"நிப்பாட்டிராத."

சுற்று 64, மணி 26:15

ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. ஒரே ஒரு நிமிடம். திரும்பி வந்துகொண்டிருந்தால் உந்துவிசிறி கேட்கும். மூச்சு கேட்கும். திட்டுவது கேட்கும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் இந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்றால்?

ஓடினால் அவருக்குக் கேட்கும். நிறுத்தினால் எனக்குக் கேட்கும். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்க வழியில்லை. கை மூன்று தடவை பொத்தான்வரை போய்த் திரும்பிவிட்டது. போதும். கேட்க வேண்டியதையெல்லாம் நான் கேட்டாயிற்று.

சுற்று 64, மணி 32:50. கடைசிப் பதிவு.

நிலையத்தைக் காலி செய்கிறார்கள். பிளவு இந்தப் பக்கம் வருகிறதாம், அடுத்த மூடலில் மேற்கூரை நெரியலாமாம். நான் வரமாட்டேன் என்றேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எழுதி முடிக்கட்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். நல்லவர்.

அணு மின்கலத்தை மொத்தமாகக் கார்டுக்குத் திருப்பிவிட்டேன். விளக்கு, வெப்பம், எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. நீங்கள் வரும்போது இருட்டாக இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். முப்பது வருடம் ஓடும் என்கிறார்கள். மெட்டு போட்டிருக்கிறேன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. சீரான முனகலை ஏதோ எந்திரம் என்று நினைத்துவிடலாம். இதை வாசிக்க இந்தச் சூரியக் குடும்பத்திலேயே ஒரு கிறுக்கனால்தான் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

முன்பின் தெரியாத ஐயா, அம்மா. இந்த அறைக்குள் நுழைந்ததும் உங்களுக்கு முதலில் தோன்றப்போவது, இந்த எழவு இரைச்சலை நிறுத்த வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நிறுத்தும் பொத்தான் கார்டின் இடப்பக்கம் இருந்தது. பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அறுபத்தைந்து முடிந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்காதீர்கள். நீங்கள் கெட்டிக்காரர், எனக்கும் கூட்டல் தெரியும். வேண்டுமானால் அலமாரியில் நல்லெண்ணெய் இருக்கிறது, மூன்றாவதற்கு இரண்டு சொட்டு விடுங்கள். இரண்டுதான். அதற்கு மேல் விட்டால் சத்தம் குறைந்து

கையை இழுக்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். கீழே ஆள் இருக்கிறார்.